லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நாடகம் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் நாடகத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்க நினைக்கும் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் அரங்கில் ஒளியமைப்பு வேலை செய்பவன். மேடைக்குப் பின்னால் நடப்பவற்றுக்கு என் பதில்களில் சற்றுக் கூடுதலாக இடம் கிடைத்திருக்கும். அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது எப்படிப்பட்ட இடம்?

ஏறக்குறைய இரண்டாயிரம் மாணவர்கள் தங்கிப் படிக்கும் சிறிய கல்லூரி. வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், வாசர், கென்யன், கிரினெல் எல்லாம் இந்த வகைதான். சேரும்போதே இன்ன பாடம் என்று எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மேஜரை அறிவித்தால் போதும். அதுவரை வேதியியல், தத்துவம், பொருளாதாரம் என்று எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம்.

நாடகம் படிக்க வருபவர்கள் கவனிக்க வேண்டிய சிறப்பு வேறொன்று. இந்தக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் இல்லை, அல்லது மிகச் சிலரே இருக்கிறார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் முதுநிலை நடிப்பு மாணவருக்கும் முதுநிலை ஒளியமைப்பு மாணவருக்கும் போகும் வாய்ப்புகள் இங்கே இளநிலை மாணவர்களுக்கே வருகின்றன. பத்தொன்பது வயதில் முழுநீள நாடகம் ஒன்றுக்கு ஒளியமைக்கும் வாய்ப்பு வேறு இடங்களில் எளிதில் அமையாது.

பி.ஏ., பி.எஃப்.ஏ.: எதைத் தேர்ந்தெடுப்பது?

பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலை) தொழிற்பயிற்சிப் பட்டம். படிப்பின் மூன்றில் இரண்டு பங்கு நடிப்பு, குரல், உடலசைவு என்று ஒரே துறையில் போய்விடும். ஜூலியார்ட், கார்னகி மெலன், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் பள்ளி போன்றவை இதில் பெயர்பெற்றவை. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி தருவது பெரும்பாலும் பி.ஏ. அதில் இந்தக் கணக்கு தலைகீழ். பட்டத்துக்கு 32 பாடங்கள் என்றால், நாடகத் துறைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு.

பதினேழு வயதில் ‘நடிப்பு மட்டுமே, வேறெதுவும் வேண்டாம்’ என்று உண்மையிலேயே உறுதியாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் பி.எஃப்.ஏ.வுக்குப் போவதே சரி, பி.ஏ.வில் பொறுமை இழப்பார்கள். அந்த உறுதி இல்லாதவர்களைப் பி.எஃப்.ஏ.வில் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் துறை மாற்ற வழியில்லாமல் தவிக்கவைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் வீண் செலவு.

சேர்க்கைக்கு நடிப்புத் தேர்வு உண்டா?

பெரும்பாலான லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் இல்லை. மற்ற மாணவர்களைப் போலவே மதிப்பெண்கள், கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள். விரும்பினால் கலைப்படைப்புத் தொகுப்பு ஒன்றைக் கூடுதலாக அனுப்பலாம்: இரண்டு தனிமொழிக் காட்சிகளின் வீடியோ, அல்லது செட் வரைபடங்கள், அல்லது எழுதிய நாடகம். சுமாரான தொகுப்பை அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பது நல்லது. பி.எஃப்.ஏ.வுக்குத்தான் நேரடித் தேர்வு. குளிர்காலத்தில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் பல கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் பொதுத் தேர்வுகளும் உண்டு.

நான்கு ஆண்டுகளில் உண்மையில் என்ன படிப்பார்கள்?

முதலாண்டில் அறிமுகப் பாடமும் அடிப்படை நடிப்புப் பாடமும் இருக்கும். நடிப்பு வகுப்பில் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பெயர் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அவருடைய மாஸ்கோ கலை அரங்கம் 1923, 1924ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நடத்திய சுற்றுப்பயணத்தின் விளைவுகள் இந்நாட்டு வகுப்பறைகளில் இன்னும் ஓயவில்லை. ஸ்ட்ராஸ்பெர்க், ஸ்டெல்லா அட்லர், மைஸ்னர் ஆகிய மூன்று அமெரிக்க நடிப்பு ஆசிரியர்களும் அந்த ஊற்றிலிருந்து எடுத்து, பிறகு ஒருவரோடு ஒருவர் சண்டையிட்டுக்கொண்டவர்கள். அந்தச் சண்டை எதைப் பற்றியது என்பதை மாணவர்கள் தங்கள் உடம்பை வைத்தே கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்து நாடக வரலாறு. கிரேக்கத்தில் தொடங்கி, ஜப்பானின் நோ, நம் நாட்டியசாஸ்திரம், ஷேக்ஸ்பியர், இப்சன், பிரெக்ட் என்று நகரும். நல்ல துறையில் இது ஆண்டு வரிசை ஒப்பிப்பதாக இருக்காது. ‘இந்த நாடகம் எந்த அளவு அரங்கில், பகலிலா இரவிலா, யார் காசு கொடுத்துப் பார்த்தார்கள்’ என்று கேட்பார்கள். பகல் வெளிச்சத்தில் நடந்த நாடகத்தில் இரவு வந்துவிட்டதைப் பாத்திரம் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது அப்போதுதான் மாணவர்களுக்கு உறைக்கும்.

பிறகு இயக்கம், வடிவமைப்பு, நாடகம் எழுதுதல் ஆகியவற்றில் ஒவ்வொன்றாவது எடுக்க வேண்டியிருக்கும். நான்காம் ஆண்டில் இறுதிப் படைப்பு. சிலர் ஒரு நாடகத்தை இயக்குவார்கள்; சிலர் ஒரு வேடத்தையே ஆய்வுப்பொருளாக எடுத்து நடித்து, அதைப் பற்றி எழுதுவார்கள்; சிலர் மேடைக்கே வராமல் நூறு பக்க ஆய்வேடு எழுதுவார்கள். மூன்றுமே ஏற்கத்தக்கவை. மூன்றாவதைப் பெற்றோர் ஏனோ கூடுதலாக நம்புகிறார்கள்.

எல்லாக் கல்லூரிகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. சாரா லாரன்ஸ் கல்லூரியில் வழக்கமான மேஜர்களே கிடையாது. பெனிங்டன் கல்லூரியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாணவர்கள் வளாகத்தைவிட்டு வெளியே போய் வேலை பார்க்க வேண்டும்.

எனக்கு நடிக்க மட்டும்தான் ஆசை. செட் அடிக்கவும் துணி தைக்கவும் வேண்டுமா?

வேண்டும். பல துறைகளில் இது கட்டாயம், மதிப்பெண்ணும் உண்டு. முதலாண்டு மாணவர்களைப் பட்டறையிலோ, உடை தைக்கும் அறையிலோ, விளக்குக் குழுவிலோ சேர்த்துவிடுவார்கள். பிளைவுட் அறுப்பது, பழைய கோட்டைப் பிரித்து வேறொருவர் தோளுக்கு ஏற்பத் தைப்பது, ஏணியில் ஏறி விளக்கைக் குழாயில் மாட்டி, அது கழன்றாலும் விழாதபடி பாதுகாப்புக் கம்பியைச் சுற்றுவது. கடைசிக் காட்சி முடிந்த இரவே செட்டைப் பிரித்து அடுக்குவார்கள். அதில் கதாநாயகியும் சுத்தியலோடு நிற்பாள். கைத்தட்டல் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அரங்கம் வெறும் தரையாகிவிடும்.

இது ஆட்பற்றாக்குறையைச் சமாளிக்கும் ஏற்பாடு என்று சிலர் சொல்வார்கள். சிறிய கல்லூரிகளில் அதுவும் ஓரளவு உண்மை. ஆனால் பலன் வேறு இடத்தில் தெரிகிறது. காட்சி ஒத்திகையில் விளக்கு எப்போது மாறும், எப்போது ஒலி வரும் என்பதை ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்டில் சொல்வார். முதலில் ‘ஸ்டாண்ட்பை’, பிறகு ‘கோ’. அந்தச் சொல்லைக் கேட்டதும் கை பொத்தானை அழுத்திவிடும். அதனால் ஹெட்செட்டில் இருக்கும் எவரும் வேறு எந்தப் பேச்சிலும் ‘கோ’ என்று சொல்வதில்லை, எழுத்துக்கூட்டித்தான் சொல்வார்கள். ஒரு பருவம் அந்த இருட்டறையில் உட்கார்ந்த மாணவன் அடுத்த முறை மேடையில் நடிக்கும்போது, தான் இரண்டடி தள்ளி நின்றால் எத்தனை பேருடைய வேலை கெடும் என்று தெரிந்தே நிற்பான். நடிப்பு வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

நடிகை மெரில் ஸ்ட்ரீப் வாசர் கல்லூரியில் நாடகம் படித்து 1971இல் பட்டம் பெற்றவர். இடையில் ஒரு பருவம் டார்ட்மத் கல்லூரிக்குப் போனபோது அவர் எடுத்த பாடங்களில் நாடகம் எழுதுதலும் உடை வடிவமைப்பும் இருந்தன.

ஒத்திகைகள் மற்றப் பாடங்களைத் தின்றுவிடாதா?

தின்னும். வாரநாட்களில் இரவு ஏழு மணி முதல் பத்து வரை ஒத்திகை என்பது பரவலான வழக்கம். நாடகம் திறப்பதற்கு முந்தைய வாரத்தில் விளக்கு, ஒலி, உடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த வாரயிறுதி முழுவதும் அரங்கில்தான். அதே வாரத்தில் கரிம வேதியியல் தேர்வு இருந்தால் நாடகத் துறை தேதியை மாற்றாது, வேதியியல் துறையும் மாற்றாது. பருவத் தொடக்கத்திலேயே இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வேடத்தை ஏற்பவர்கள் தப்பிக்கிறார்கள்.

கல்லூரிப் படிப்பில் நாடகத்துக்கு எப்படி இடம் கிடைத்தது? இது ஒரு பாடமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வீட்டில் மட்டுமல்ல, ஹார்வர்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் அங்கே ஆங்கிலத் துறையில் நாடகம் எழுதக் கற்பித்தார். ‘47 ஒர்க்‌ஷாப்’ என்று பெயர்பெற்ற அவருடைய பட்டறைக்கு அந்த எண் பாடத்தின் வரிசை எண்ணிலிருந்து வந்தது. நாடகாசிரியர் யூஜின் ஓ’நீல் அவரிடம் படித்தவர். ஆனால் நாடகம் எழுதுவதற்கு ஒரு பட்டம் கொடுக்க ஹார்வர்டுக்கு மனம் வரவில்லை. பேக்கர் 1925இல் யேலுக்குப் போய்விட்டார். அதற்கு முன்பே, 1914இல், பிட்ஸ்பர்கில் இன்று கார்னகி மெலன் எனப்படும் கல்வி நிறுவனம் நாடகத்துக்கென்று தனித்துறை தொடங்கி, பட்டமும் கொடுக்க ஆரம்பித்திருந்தது.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் கதைக்கு மையமானவர் என்று நான் நினைப்பது ஹாலி ஃபிளனகனை. 1911இல் கிரினெல் கல்லூரிப் பட்டதாரி, பேக்கரிடம் பயின்றவர், 1925இல் வாசருக்கு வந்து அங்கே ஒரு சோதனை அரங்கத்தை நடத்தினார். செகாவின் ‘திருமண யோசனை’ என்ற சிறு நாடகத்தை ஒரே மாலையில் மூன்று முறை, மூன்று பாணிகளில் போட்டுக் காட்டினார்: முதலில் யதார்த்தமாக, பிறகு உணர்ச்சி வெளிப்பாட்டு முறையில், பிறகு ரஷ்யக் கட்டமைப்புவாத முறையில். அதே வசனம், அதே கல்லூரி. ஒரு பிரதியை மூன்று வகையாக நிகழ்த்தினால் அது மூன்று நாடகங்களாகிவிடுகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதாமலேயே நிறுவிவிட்டார். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நாடகம் எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த மாலையைத்தான் சொல்வேன்.

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1935இல், வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்காக அமெரிக்க அரசு ஃபெடரல் தியேட்டர் புராஜெக்ட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் தலைமைக்கு ஒரு பிராட்வே தயாரிப்பாளரை அழைக்கவில்லை, ஃபிளனகனை அழைத்தார்கள். 1938இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அவரை விசாரித்தது. அவர் தம் கட்டுரையில் மார்லோவைக் குறிப்பிட்டிருந்ததைப் பிடித்துக்கொண்டு, ‘இந்த மார்லோ ஒரு கம்யூனிஸ்டா?’ என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கிறிஸ்டோபர் மார்லோ ஷேக்ஸ்பியருக்குச் சற்று முந்தைய நாடகாசிரியர் என்று ஃபிளனகன் பதிவேட்டுக்காக விளக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தோடு நாடாளுமன்றம் திட்டத்துக்கான பணத்தை நிறுத்திவிட்டது.

இப்படிப் படித்தவர்களில் பெயர் சொல்லும்படி யார் இருக்கிறார்கள்?

பட்டியல் நீளமானது. கல்லூரிகளே விளம்பரப் புத்தகத்தில் போட்டுவிடுவார்கள். அதனால் எப்படிப் படித்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். இசைநாடக ஆசிரியர் ஸ்டீபன் சோந்தைம் வில்லியம்ஸ் கல்லூரியில் 1950இல் பட்டம் பெற்றது இசையில். நாடகங்களை மாணவர் மேடையில் எழுதிப் பழகினார். நடிகர் பால் நியூமன் கென்யனில் கால்பந்தாட்டக்காரர். மதுக்கடைச் சண்டை ஒன்றால் அணியிலிருந்து நீக்கப்பட்டபின்தான் நாடகத்தின் பக்கம் திரும்பினார். 1978இல் அந்தக் கல்லூரியின் புதிய போல்ட்டன் அரங்கத்தின் முதல் நாடகத்தை இயக்க அவரே திரும்பி வந்தார். அதில் நடித்த முதலாண்டு மாணவி அலிசன் ஜேனி.

சூசன்-லோரி பார்க்ஸ் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி மாணவி. பக்கத்துக் கல்லூரிகளில் ஐந்து சேர்ந்து பாடங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டினால், ஹாம்ப்ஷர் கல்லூரியில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் நடத்திய வகுப்பில் போய் உட்கார்ந்தார். கதைகளைப் படிக்கும்போது அவர் நடித்துக் காட்டுவதைப் பார்த்த பால்ட்வின்தான் நாடகம் எழுதச் சொன்னார். 2002இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண் பார்க்ஸ்.

வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் லின்-மனுவேல் மிராண்டா தம் முதல் பெரிய இசைநாடகத்தின் ஆரம்ப வடிவத்தை இரண்டாம் ஆண்டிலேயே எழுதி, மாணவர் குழுவைக்கொண்டு மேடையேற்றினார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த மிண்டி கேலிங் டார்ட்மத்தில் நாடகம் எழுதப் படித்தவர். ஸ்வார்த்மோர் பட்டதாரிகள் சிலர் 1995இல் தொடங்கிய பிக் அயர்ன் நாடகக் குழு ஃபிலடெல்ஃபியாவில் வேரூன்றிவிட்டது. என் பார்வையில் இந்தக் கடைசி உதாரணம்தான் மற்றவற்றைவிடப் பயனுள்ளது. நட்சத்திரமாவதற்கு வழிமுறை கிடையாது. நான்கைந்து வகுப்புத் தோழர்கள் சேர்ந்து குழு தொடங்குவதற்கு உண்டு.

என் மகளின் நிறத்துக்கும் உச்சரிப்புக்கும் வேடம் கிடைக்குமா?

நேரான கேள்வி. முன்பைவிட நிலைமை மேல், ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். இதில் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996இல் பிரின்ஸ்டனில் நடந்த மாநாட்டில், நிறம் பாராமல் வேடம் கொடுப்பதையே கடுமையாக எதிர்த்தார். கறுப்பின நடிகரை வெள்ளையர் குடும்பக் கதையில் பொருத்தி, அவருடைய நிறத்தைக் கவனிக்காததுபோல நடந்துகொள்வது அவருடைய வரலாற்றையே அழிப்பது என்பது அவர் வாதம். அவரை முழுமையாக ஏற்காதவர்களும் அதன்பின் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. இன்று பல துறைகள் நிறத்தை மறப்பதற்குப் பதில், அதை யோசித்தே வேடம் கொடுக்க முயல்கின்றன.

ஒரு துறையின் மனப்போக்கைத் தெரிந்துகொள்ள எளிய வழி, கடந்த நான்கு ஆண்டுகளில் அவர்கள் போட்ட நாடகங்களின் பட்டியலையும் புகைப்படங்களையும் பார்ப்பது. தெற்காசிய மாணவர்கள் தொடர்ந்து தோழி, மருத்துவர், தூதுவன் வேடங்களிலேயே நின்றிருந்தால் காரணம் கேளுங்கள். உச்சரிப்பைப் பொறுத்தவரை, குரல் வகுப்புகளின் நோக்கம் அதை அழிப்பதாக இருக்கக் கூடாது. தேவைப்படும்போது மாற்றத் தெரிந்தால் போதும்.

முக்கிய வேடம் ஒருமுறைகூடக் கிடைக்காவிட்டால்?

நடக்கிறது. துறை ஆண்டுக்கு மூன்று, நான்கு நாடகங்கள்தான் போடும். மாணவர் குழுக்கள் அதற்கு மேல் போடும். துறை நாடகத்தைவிட அங்கேதான் துணிச்சல் அதிகம். அங்கும் கிடைக்கவில்லை என்றால் சொந்தமாக ஒரு நாடகத்தை இயக்கலாம். பத்து பேர் உட்காரும் அறையும் இரண்டு நாற்காலிகளும் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

இந்தக் கல்லூரிகள் சிற்றூர்களில் இருக்கின்றன. நியூயார்க்கில் இல்லாதது இழப்பு இல்லையா?

ஓரளவு இழப்புதான். கென்யன் இருக்கும் கேம்பியரில் தொழில்முறை அரங்கம் தேடிப் போனால் கொலம்பஸ் வரை போக வேண்டும். இதை ஈடுசெய்யத்தான் மூன்றாம் ஆண்டில் வெளியே அனுப்புகிறார்கள். கனெடிகட் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டில், கடற்கரையோரம் உள்ள யூஜின் ஓ’நீல் நாடக மையம் 1970 முதல் தேசிய நாடகப் பயிலகம் என்ற ஒரு பருவப் படிப்பை நடத்துகிறது. நடிப்பு, எழுத்து, இயக்கம், வடிவமைப்பு எல்லாம் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் காலை முதல் இரவு வரை. களைத்துப்போய்த் திரும்புபவர்களில் சிலர் ‘இதுதான் என் வேலை’ என்று முடிவெடுத்திருப்பார்கள்; சிலர் ‘இது என் வேலை அல்ல’ என்று. இரண்டாவது முடிவு பட்டம் பெறுவதற்கு முன்பே வந்ததற்கு அந்தக் குடும்பங்கள் நன்றி சொல்ல வேண்டும். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அமெரிக்க நாடக அகாடமிக்கும் பலர் போகிறார்கள்.

இன்னொரு மேஜரும் சேர்த்து எடுக்கலாமா?

எடுக்கலாம், நிறையப் பேர் எடுக்கிறார்கள். பொருளாதாரம், ஆங்கிலம், உளவியல், கணினி அறிவியல் ஆகியவற்றோடு சேர்வது வழக்கம். ‘பாதுகாப்புக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று’ என்று பெற்றோர் பேரம் பேசி முடிக்கும் சேர்க்கை பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் உடைந்துவிடுகிறது. மாணவருக்கே இரண்டிலும் ஈடுபாடு இருந்தால்தான் தாங்கும்.

செலவு எவ்வளவு? உதவி கிடைக்குமா?

பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. இந்த எண்ணைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். இவற்றில் பல கல்லூரிகள் குடும்ப வருமானத்தைப் பார்த்து, திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவி தருகின்றன. வில்லியம்ஸ் 2022இல் தன் உதவித் தொகுப்பிலிருந்து கல்விக் கடனையே நீக்கிவிட்டது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வேறுபாடு முக்கியம். ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில கல்லூரிகள்தான் உதவி கேட்பதை இடம் தரும் முடிவில் கணக்கில் எடுப்பதில்லை. மற்ற இடங்களில் உதவி கேட்பது போட்டியைக் கடுமையாக்கும்.

கடன் வாங்கி நாடகம் படிக்கலாமா என்று கேட்டால் என் பதில் கண்டிப்பானது: பெரிய கடன் வேண்டாம். தொடக்க ஆண்டுகளில் வருமானம் ஒழுங்காக வராத தொழில் இது. மாதத் தவணை தலைமேல் இருந்தால், கற்றுக்கொள்ள ஏற்ற குறைந்த சம்பள வாய்ப்பை ஏற்க முடியாமல் போகும். உதவி போதாத பெரிய கல்லூரியைவிட, முழு உதவி தரும் பெயர் தெரியாத கல்லூரி மேல்.

எஃப்-1 மாணவர் விசாவில் படித்துவிட்டு அமெரிக்காவில் வேலை செய்ய முடியுமா?

பட்டத்துக்குப் பிறகு ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதங்கள், படித்த துறை சார்ந்த வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு நாடகப் பட்டத்துக்குக் கிடையாது. அந்த 12 மாதங்களில் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தமாக 90ஐத் தாண்டக் கூடாது. ஒரு நாடகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளை நினைத்துப் பாருங்கள். நடிகர்களுக்கு இது இறுக்கமான கயிறு.

அதற்குப் பிறகு ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். ஆனால் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் நேரடியாக வேலைக்கு எடுத்தால் அந்தக் குலுக்கல் வரம்பு பொருந்தாது. கல்லூரி அரங்கங்களில் தொழில்நுட்ப இயக்குநர், உடை அறைப் பொறுப்பாளர் போன்ற பணிகள் இருப்பதால், மேடைக்குப் பின்னால் வேலை கற்றவர்களுக்கு இது உண்மையான ஒரு வழி. பணியின் தன்மை விசாவின் நிபந்தனைகளுக்குப் பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே எதையும் நம்புங்கள், என்னையும் சேர்த்து.

படித்து முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

சிலர் நடிக்கிறார்கள். நடிப்பவர்களும் ஆண்டு முழுவதும் நடிப்பதில்லை. இடையில் வேறு வேலை. ஸ்டேஜ் மேனேஜர்கள், விளக்கு, ஒலி, உடைப் பணியாளர்கள் நடிகர்களைவிடச் சீராகப் பிழைக்கிறார்கள். மாநாட்டு அரங்குகள், இசை நிகழ்ச்சிகள், அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் தேவை. பள்ளி ஆசிரியர்கள், கலை நிறுவன நிர்வாகிகள், வழக்கறிஞர்கள், பயிற்சியாளர்கள், மென்பொருள் நிறுவனங்களில் திட்ட மேலாளர்கள் என்று மற்றவர்கள் பரவியிருக்கிறார்கள். நாற்பது பேரை ஒருங்கிணைத்து, மாற்ற முடியாத தேதியில் திரையைத் தூக்கிய பெண்ணுக்குத் திட்ட மேலாண்மை அந்நியமாக இருக்காது. ஆனால் ‘எல்லா வேலைக்கும் நாடகம் உதவும்’ என்ற கல்லூரி விளம்பர வாசகத்தை அப்படியே விழுங்க வேண்டாம். அந்தத் திறனை நேர்முகத் தேர்வில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் மாணவர்தான். பட்டச் சான்றிதழ் அவருக்காகப் பேசாது.

மேற்படிப்பு?

எம்.எஃப்.ஏ. என்ற முதுநிலைப் பட்டத்துக்கு உடனே ஓட வேண்டியதில்லை. சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருபவர்களையே பல இடங்கள் விரும்புகின்றன. யேல் நாடகப் பள்ளி 2021இல் டேவிட் கெஃபன் கொடுத்த 15 கோடி டாலர் நன்கொடையால் தன் முழுநேரப் பட்டப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கிவிட்டது. போட்டி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தெருக்கூத்து போன்ற நம் வடிவங்களுக்கு அங்கே இடம் உண்டா?

நீங்கள் கொண்டுபோனால் உண்டு. வெஸ்லியனில் மட்டும் நிலைமை தனி. பாலசரஸ்வதி 1962இல் அங்கே வந்து ஆடிக் கற்பித்ததும், அவருடைய சகோதரர்கள் டி. ரங்கநாதன், டி. விஸ்வநாதன் இருவரும் பல்லாண்டுகள் ஆசிரியர்களாக இருந்ததும் கர்நாடக இசையையும் பரதத்தையும் அந்த வளாகத்தில் நிலைபெறச் செய்துவிட்டன. நவராத்திரி விழாவே நடக்கிறது. மற்ற இடங்களில் ஆசியநாடகப் பாடம் ஒன்று இருக்கும். அதில் கதகளியும் கூடியாட்டமும் வரும், கூத்து வராது.

ஆனால் இறுதியாண்டு ஆய்வுக்கு இது நல்ல களம். தெருக்கூத்தின் பாரத நிகழ்த்துதல்கள் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் வெளியிட்ட நூலும், ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் பற்றிச் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கில நூல்களோடு, கட்டியங்காரன் பேசும் தமிழையும் நேரடியாகப் புரிந்துகொள்ளக்கூடிய மாணவர் அந்தத் துறையில் அனேகமாக நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். ஆசிரியர்கள் மகிழ்ந்து வரவேற்பார்கள். உங்களைத் திருத்துமளவு அவர்களுக்கு இது தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியிலிருந்து ஓர் ஆய்வாளரை வாசகராகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது யாரிடம் என்ன கேட்பது?

சுற்றிக் காட்டும் மாணவ வழிகாட்டியிடம் அல்ல. பட்டறைக்குப் போய், அங்கே வேலை செய்துகொண்டிருப்பவரிடம் கேளுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு வேடம் கொடுக்கிறார்களா? போன நாடகத்துக்கு விளக்கும் செட்டும் வடிவமைத்தது மாணவரா, வெளியிலிருந்து அழைத்தவரா? நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார் ஓய்வு பெறுகிறார்கள்? கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த மேஜரில் பட்டம் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் இப்போது என்ன செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பெயர் பெயராகப் பதில் வந்தால் நல்ல துறை. ‘எங்கள் மாணவர்கள் பல துறைகளில் ஒளிர்கிறார்கள்’ என்று பதில் வந்தால் அவர்கள் கணக்கு வைக்கவில்லை என்று பொருள்.

இன்னொன்று, சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்: கல்லூரியின் நிதிநிலை. ஃபிலடெல்ஃபியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், ஏறக்குறைய ஒரு வார முன்னறிவிப்போடு 2024 ஜூனில் மூடப்பட்டது. மாணவர்கள் வேறு கல்லூரிகளைத் தேடி ஓடினார்கள். மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைகிறதா, நாடகத் துறையில் காலியான இடங்களை நிரப்பாமல் வைத்திருக்கிறார்களா என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.